அப்பாவுக்குத் தெரியாத இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் குழாயை மூடுவதற்குக்கூட இங்கிலீஷ்தான். அடுக்களைக் குழாய்க்கு மேலே 'டர்ன் ஆஃப்' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். தண்ணீர் தெறித்து எழுத்து கலங்கிவிட்டால் அக்கா வேறொன்று எழுதி ஒட்டுவாள். செருப்பு வைக்கிற இடத்தில் 'புட் ஆன்', 'டேக் ஆஃப்' என்று இரண்டு. அரிசி தீர்ந்துபோனால் சொல்ல, டப்பாவில் 'ரன் அவுட் ஆஃப்'. சுவர்ப் பல்லிகூட எங்கள் வீட்டில் இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அக்கா பி.காம் முடித்துவிட்டு, பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சேர்த்துவிட்டது அப்பாதான். "படிச்ச புள்ள, நாலு பேர் முன்னால வாயத் தொறந்து பேசணும்லா" என்று சொல்லி, அவரே பைக்கில் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று அந்த மாடிப்படி வந்தால் நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறித்தான் நடக்கிறேன்.

அந்த வகுப்பு சார் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம் இது: இங்கிலீஷ்காரர்கள் வீட்டுக்குள்ளே பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசமாட்டார்கள். ஒரு குட்டி வார்த்தையை எடுத்து அதற்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டி, அதை வைத்தே காலையிலிருந்து ராத்திரி வரை ஓட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் ஃப்ரேஸல் வெர்ப். எனக்கு விளங்கவில்லை என்று அக்கா விளக்கினாள். "நாம 'எடு'ன்னு ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டு எடுத்து வை, எடுத்துப் போடு, எடுத்துச் சொல்லு, எடுத்தெறிஞ்சு பேசுன்னு எத்தன சொல்லுதோம்? எல்லாம் ஒண்ணா? அது மாதிரிதாம்ளா." அவள் சொன்னால் எனக்கு எல்லாமே விளங்கும்.

அக்காவுக்குப் பேசிப் பழக ஆள் வேண்டும். அகப்பட்டது நான். காலையில் எழுந்ததும் அவள் 'கெட் அப்' என்பாள், நான் 'ஐ காட் அப்' என்று சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கப் போகவேண்டும். சட்டையை மாட்டும்போது ஒன்று, கழற்றும்போது ஒன்று. தினமும் ஐந்தாறு வாக்கியம் மனப்பாடம். காய்ச்சலிலிருந்து தேறிவருவது 'கெட் ஓவர்'. மாமா சிகரெட்டை விட்டுவிட்டார் என்பதற்கு 'கிவ் அப்'. மாமா விடவில்லை, அது வேறு கதை. மழை வந்ததால் மேட்ச் நின்றுபோனது என்பதற்கு 'கால் ஆஃப்'. தூத்துக்குடியில் மழை வந்து எந்த மேட்ச் நின்றது என்று கேட்டால் தலையில் ஒரு குட்டு விழும். சரியாகச் சொன்னால் மக்ரூன் வாங்கித் தருவாள். வாயில் போட்டதும் கரைந்துவிடுகிற அந்தச் சனியனுக்காகவே நான் முழு இங்கிலீஷையும் தின்றிருப்பேன்.

அம்மாவுக்கு மட்டும் இந்தக் கூத்து பிடிக்காது. "லைட்ட அமத்துன்னு சொன்னா வாய் வலிக்குமாக்கும்? வீட்டுக்குள்ள ரெண்டு வெள்ளக்காரியோள வச்சிக்கிட்டு நான் படுத பாடு!" என்று கரண்டியை ஆட்டுவாள். அக்கா உடனே 'புட் அப் வித்' என்று சொல்லி என்னைப் பார்ப்பாள். பொறுத்துக்கொண்டு போவது என்று நான் அர்த்தம் சொல்லுவேன். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அப்பாவுக்குத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற தொழில். கப்பல் ஆட்கள் மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள் அல்லவா, அவர்களுக்குக் காய்கறி, முட்டை, இறைச்சி, அரிசி, சோப்பு எல்லாம் கரையிலிருந்துதான் ஏறவேண்டும். அதற்கென்று ஒரு கடை வைத்து எடுத்துப் போய்க் கொடுப்பவர் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பனங்காட்டு ஊரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து முன்னுக்கு வந்த கதையை எங்களிடம் அடிக்கடி சொல்லுவார். வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. பேங்கிலிருந்து ஏதாவது வந்தால் அக்காவைக் கூப்பிட்டு, "இது என்னன்னு பாருளா, நமக்கு எங்க இதெல்லாம் வெளங்குது" என்று நீட்டுவார். கப்பலில் எப்படிப் பேசுகிறார் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். நான் நம்பிவிட்டேன். எல்லோருமே நம்பியிருந்தோம்.

வகுப்பு முடிகிற சமயத்தில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்காவைக் கூப்பிடுவார். "ஏளா, இங்கன வா. சித்தப்பாவுக்கு ரெண்டு இங்கிலீஷ் சொல்லு." அக்கா வந்து நின்று, வானிலையைப் பற்றியோ வந்தவரின் உடல்நலத்தைப் பற்றியோ நாலு வாக்கியம் சொல்லுவாள். வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். என்ன சொன்னாள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கப்பலுக்குக் காட்டுகிற சாம்பிள் தக்காளியைப்போல அப்பா அவளை எடுத்து எடுத்துக் காட்டினார். எனக்கு அது பெருமையாக இருந்தது. என்னையும் ஒருநாள் இப்படிக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் அக்காவுக்கு வேலை கிடைத்தது. பீச் ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி. கன்டெய்னர் போகிற வருகிற பேப்பர்களைத் தயார் செய்து, வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசுகிற வேலை. இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷில் நடந்ததாம். அவள் வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாப்போம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பார்ப்போம்' என்றால் கிடையாது என்று அர்த்தம். அதற்கு மேல் அப்பாவிடம் எதையும் கேட்கிற வழக்கம் இல்லை. அப்பா கோபக்காரர் என்று சொல்லமுடியாது. கை ஓங்கியதில்லை, கத்தியதில்லை. ஆனால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் 'வேண்டாம்' என்றோ 'மாட்டேன்' என்றோ சொல்லுவதற்கு எங்கள் யாருக்கும் நாக்கு எழும்பாது. அம்மாவுக்கே எழும்பாது.

அடுத்த வாரமே உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவில் வேலை. வசதியான குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பெண் நன்றாக இங்கிலீஷ் பேசவேண்டும். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எத மனசுல வச்சி அப்பா ஒன்ன அந்தக் கிளாசுல சேத்தாவன்னு இப்பம் தெரியுதா?" என்று அக்காவிடம் கேட்டாள். எனக்கானால் பலகாரம் செய்யப்போகிறார்கள் என்ற ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பெண் பார்க்க வந்தால் அந்தக் காலத்தில் பாடச் சொல்லுவார்களாம். எங்கள் பக்கம் இப்போது பாட்டுக்குப் பதில் இங்கிலீஷ். அக்கா மாப்பிள்ளையோடு தனியாக ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று அம்மா மூலம் கேட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா உடனே கையைத் தூக்கிவிட்டார். "தனியா என்னத்துக்கு? இங்கனயே பேசட்டும். இங்கிலீஷ்லயே பேசட்டும், நாங்களும் கேட்டுக்கிடுதோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபேனுக்குக் கீழே இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டார்கள். கச்சேரிக்கு உட்காருவதைப்போல மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் அக்கா நாற்காலியின் பின்னால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு வானிலை சொல்லுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"ஐ ஹேவ் காட் எ ஜாப். ஐ டோன்ட் வான்ட் டு கிவ் இட் அப். ப்ளீஸ், கால் திஸ் ஆஃப்."

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதை விட எனக்கு மனமில்லை, தயவுசெய்து இந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள். நான் சொன்னால் இங்கே எடுபடாது, பெண்ணைப் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்லிவிடுங்கள், உங்களைக் காலமெல்லாம் மறக்கமாட்டேன். இதையெல்லாம் அவள் இங்கிலீஷில், சிரித்த முகம் மாறாமல், அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சொன்னாள். யாருக்கும் ஒரு வார்த்தை விளங்காது என்ற தைரியம். சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள். "தண்ணி பட்ட பாடால்லா பேசுதா!" என்று ஒரு அத்தை பக்கத்து அத்தையிடம் சொன்னாள். அப்பா ஒன்றும் விளங்காதவரைப்போலச் சிரித்துக்கொண்டு, அக்காவையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. 'கிவ் அப்' சரி. 'கால் ஆஃப்' சரி. நடுவில் 'இட்'டையும் 'திஸ்'ஸையும் செருகி அவள் சொன்ன அழகைக் கேட்டு, அவளுக்கே ஒரு டப்பா மக்ரூன் வாங்கித் தரவேண்டும் என்று நினைத்தேன். மாமாவின் சிகரெட்டும் மழையில் நின்ற மேட்சும்தான் என் மனதில் ஓடின. என் கைக்கு அடியில் நாற்காலி நடுங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் வேகத்தில் என்று எண்ணிக்கொண்டேன்.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமல் என்ன, அந்த ஊரில் இருந்து சம்பாதிக்கிறவன். காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, அவனும் சிரித்துக்கொண்டே, "டோன்ட் வொர்ரி. யூ வில் கெட் ஓவர் இட்" என்றான். கவலைப்படாதே, போகப் போகத் தேறிவிடுவாய் என்று, அவளுடைய அத்தனை கெஞ்சலுக்கும் அவன் சொன்ன பதில் இவ்வளவுதான். பாவி. பிறகு பெரியப்பா பக்கம் திரும்பித் தமிழில், "நல்லா பேசுதா, பெரியப்பா. எனக்குச் சம்மதம்" என்றான். கூடம் முழுக்கக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். 'கெட் ஓவர்' என்றானே, அக்காவுக்குக் காய்ச்சலாக இருக்குமோ என்று அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பூவும் வெற்றிலைத் தட்டும் அன்றைக்கே மாறிவிட்டன.

அக்கா அதற்கும் அசரவில்லை. மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "அப்பாவுக்கு நான் பேசினது வெளங்கலளா. வெளங்கியிருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டாவ. என் கண்ணுல தண்ணி வந்தா அப்பா தாங்க மாட்டாவ, தெரியுமா? தமிழ்ல சொல்லப் போறேன். ஞாயித்துக்கிழம கடை லீவுல்லா, அன்னைக்குச் சொல்லுதேன்." சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது அப்பா கடையைப் பூட்டிவிட்டு வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்தாராம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினாள். இங்கிலீஷுக்குப் பழகிய அதே மாதிரிதான். இந்தத் தடவை தமிழ். 'அப்பா, நான் உங்கட்ட ஒண்ணு சொல்லணும்' என்று ஆரம்பிப்பாள். 'எனக்கு இந்தக் கல்யாணம்' என்பது வரை வரும். அடுத்த வார்த்தை வராது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இங்கிலீஷில் அவ்வளவு சரளமாகச் சொன்னவளுக்குச் சொந்தப் பாஷையில் ஏன் திக்குகிறது என்று நான் அவளைக் கேலி செய்தேன். அவள் சிரித்துவிட்டு, "வெள்ளிக்கிழமக்குள்ள வந்துரும் பாரு" என்றாள். வெள்ளிக்கிழமை அன்று உண்மையிலேயே வந்துவிட்டது. 'வேண்டாம்ப்பா' என்று அவள் கண்ணாடியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னதை நான் காதாரக் கேட்டேன்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் பள்ளிக்கூடம். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு துறைமுக ரோட்டில் இருந்த தம் சரக்குக் கிட்டங்கிக்குப் போனார். உள்ளே முட்டை அட்டைகளும் கோஸும் வெங்காய மூட்டையுமாக ஒரு கப்பலுக்குப் போகவேண்டிய சாமான்கள் கட்டிக்கிடந்தன. அங்கே அப்பாவுடன் ஆதியிலிருந்தே வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சி உண்டு. எனக்கு ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிக் கொடுத்துவிட்டு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்போது அப்பாவின் போன் அடித்தது. கப்பலிலிருந்து கேப்டன். கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறதாம், சரக்கு வேண்டாமாம்.

அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இங்கிலீஷில்.

"நோ கேப்டன், நவ் நோ கால் ஆஃப். ஆல் பேக்கிங் ஓவர். யூ ஆஸ்க், ஐ கேம் டவுன் இன் ப்ரைஸ். நவ் யூ பேக் அவுட்? ஐ வில் நாட் கிவ் அப், கேப்டன்!"

நான் வெள்ளரிக்காயைக் கடிக்க மறந்து நின்றேன். கையை ஆட்டிப் பேசுகிறவர் என்று நினைத்திருந்த எங்கள் அப்பா! விலையை இறக்கினேன், இப்போது பின்வாங்குகிறாயா என்று ஒரு கப்பல் கேப்டனைப் பிடித்து உலுக்குகிறார். அக்கா காகிதத்தில் எழுதி ஒட்டியதெல்லாம் அவர் வாயில் சர்வசாதாரணமாக வந்து விழுந்தது. வகுப்பு சார்கூட இவ்வளவு வேகமாகப் பேசமாட்டார். கடைசியில் கேப்டன் வழிக்கு வந்துவிட்டான். அப்பா போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததைப்போல லாரியைப் பார்க்க வெளியே போனார்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அப்படிப் பாக்கே? ஒங்கப்பா இங்கிலீஷ்ல புலியாக்கும். ஆனா கப்பல்ல ஏறுனா, வெல படியுத வரைக்கும் ஒண்ணுமே தெரியாத ஆளு கணக்கா நிப்பாவ. இவனுக்கு என்ன வெளங்கப்போவுதுன்னு அவனுவ என்ன விலைக்கு மடக்கலாம், எத வேண்டாம்னு சொல்லலாம்னு எல்லாத்தயும் முன்னாலயே வச்சிப் பேசுவானுவ. இவுக சிரிச்ச மூஞ்சியா மாறி மாறிப் பாத்துக்கிட்டு ஒரு வார்த்த விடாம கேட்டுக்கிடுவாவ. பொறவு தனக்குத் தோதா முடிச்சிருவாவ. இந்தத் தொழில்ல அதாம்மா சூட்சுமம். வீட்லயும் காட்டிக்கிட மாட்டாவளா? கெட்டிக்கார மனுசன்!" அவர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்ன ஒரு தந்திரம்! எங்கள் வகுப்பில் யாருடைய அப்பாவுக்கு இப்படிச் செய்யத் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் ஓடினேன். கண்ணாடிக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும், 'கால் ஆஃப்' தெரியும், 'கிவ் அப்' தெரியும், கேப்டனையே மடக்கிவிட்டார், தெரியாதவரைப்போல நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுவாராம், சிரித்த முகமாக மாறி மாறிப் பார்ப்பாராம் என்று ஒன்று விடாமல், அண்ணாச்சியைப்போலவே நடித்துக் காட்டிச் சொன்னேன்.

அக்கா கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "எல்லாமே வெளங்குமாளா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"ஒரு வார்த்த விடாம வெளங்குமாம்" என்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் இன்னொரு தடவை கேப்டனிடம் பேசிய மாதிரி பேசிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறகு எழுந்து, முகத்தைக் கழுவி, அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். "யம்மா, பட்டு எடுக்க எப்பம் போறோம்?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா வீட்டில்தான் இருந்தார். அக்கா அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மாதமே கல்யாணம் நடந்தது. பீச் ரோட்டு வேலைக்கு வேறு யாரோ போனார்கள். ஆஸ்திரேலியாவில் இப்போது கடையிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலிலும் அக்கா இங்கிலீஷ்தான் பேசுகிறாள். வேலைக்குப் போகவில்லை. அப்பா போனில் கூப்பிட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். "எம் மவளுக்கு நான் பாத்து வச்ச வாழ்க்க" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறார். சொல்லட்டும்.

எனக்கு அன்று ஒரு இழவும் விளங்கவில்லை. தன்னைப்போலவே அப்பாவுக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று கேட்ட சந்தோஷத்தில்தான் எங்கள் அக்கா கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள் என்று, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.